குதிரைக்கும் ஒரு சும்மாடு

"காபிப் பழம் எடுக்கும் நேரம் வந்தாலே எங்கள் குதிரைக்கு முதுகில் புண் வந்துவிடுகிறது. மருந்து போட்டால் ஆறுகிறது. பொதி ஏற்றினால் மறுபடியும் வருகிறது. சேணத்துக்கு அடியில் போடும் மெத்தை விரிப்பில் பல வகை விற்கிறார்கள். எதை வாங்கலாம்?"

பழநி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆசிரியர் குழுவினர் இதை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். நான் படித்தது பி.எஸ்ஸி. வேளாண்மை. குதிரை எங்கள் துறையில் வராது. ஆனாலும் பணிக்காலத்தில் சில வருடங்கள் மலை வட்டாரத்தில் கழிந்தன. சாலை போகாத ஊர்களுக்கு விதைப் பீன்ஸ் மூட்டையும் உயிர் உரப் பொட்டலமும் குதிரை முதுகில்தான் ஏறும். நான் எடுத்த மண் மாதிரிப் பைகளும் அதே குதிரை முதுகில்தான் இறங்கும். மணிக்கணக்கில் குதிரைக்குப் பின்னால் நடப்பவனுக்கு அதன் முதுகைத் தவிர பார்க்க வேறென்ன இருக்கிறது?

இந்தக் காலத்திலும் பொதிக்குதிரையா என்று சமவெளி வாசகர்கள் கேட்கலாம். கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி, போடிக்கு மேலே குரங்கணி மலை, நத்தம் பக்கம் கரந்தமலை என்று குதிரையை நம்பிய ஊர்கள் பல உண்டு. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரையில் போகும் படம் செய்தித்தாளில் வரும். எல்லோரும் இயந்திரத்தைப் பார்ப்பார்கள். நான் அதற்கு அடியில் என்ன விரித்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பெரும்பாலும் மடித்த சாக்கு.

கேள்விக்கு வருகிறேன். புண் வராத மெத்தை என்று ஒன்று எந்தக் கடையிலும் இல்லை. சேணம் பொருந்தியிருந்தால் சாதாரண மெத்தையே போதும். பொருந்தாவிட்டால் விலை உயர்ந்த மெத்தையாலும் ஆவது ஒன்றுமில்லை. வாசகர் அங்கே முதலில் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

தலையில் சுமை தூக்கிய பழக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர்க் குடமோ புல்லுக்கட்டோ தூக்குமுன் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைப்போம். துணி கம்மியாக இருந்தால் மண்டை வலிக்கும். கூடிப்போனால் குடம் ஆடும், கழுத்து பிடித்துக்கொள்ளும். அதோடு, சும்மாடு வளையமாகத்தான் இருக்கும். உச்சி மண்டையில் பாரம் நேராக இறங்காமல் சுற்றிலும் பரவட்டும் என்பதற்காக நடுவில் இடம் விடுகிறோம். குதிரை முதுகின் கணக்கும் இதேதான். ஒரே வித்தியாசம், நம் சும்மாடு சரியில்லை என்றால் இறக்கி வைத்து மறுபடி சுருட்டிக்கொள்வோம். குதிரையால் அது முடியாது. காதைப் பின்னுக்கு மடக்கும், கச்சையை இறுக்கும்போது கடிக்க வரும், பாரம் ஏற்றும்போது முதுகைக் கீழே நெளிக்கும். அதைத்தான் நாம் 'சண்டித்தனம்' என்று பெயர் வைத்து அடிக்கிறோம்.

குதிரைக்கு நடுமுதுகில் உச்சி மண்டை போன்ற இடம் எது? பிடரி மயிர் முடியும் இடத்தில், இரண்டு தோள்களுக்கும் நடுவே ஒரு மேடு எழும்பி நிற்கும். தோலுக்கு அடியில் அங்கே சதை கிடையாது, எலும்புதான். அங்கிருந்து வால் வரைக்கும் முதுகுத்தண்டு ஒரு வரப்பு மாதிரி ஓடும். இந்த வரப்பின் மேல் எதுவும் உட்காரக் கூடாது. பாரம் இரண்டு பக்கமும் உள்ள சதைப்பற்றில், விலா எலும்புகளின் மேல் பரவ வேண்டும். குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவைத் தாண்டி இடுப்புப் பக்கம் பாரம் போனால் அங்கே தாங்க எலும்புக்கூடு இல்லை. முன்பக்கம் தோள்பட்டை எலும்பு ஒவ்வோர் அடிக்கும் பின்னால் வந்து போகும். அதற்கும் இடம் வேண்டும்.

ஆகவே மெத்தை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நடுவில் வாய்க்கால் இருக்கிறதா என்பதை. இரண்டு தடித்த மெத்தைகளை இடது வலதாக வைத்து, நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மெல்லிய துணியால் மட்டும் இணைத்துத் தைத்திருந்தால் அது நல்ல அமைப்பு. ஒரே தட்டையாக, முதுகின் குறுக்கே இழுத்துக் கட்டிய மாதிரி இருக்கும் விரிப்பு எவ்வளவு மென்மையாக இருந்தாலும், கச்சையை இறுக்கியதும் அந்த எலும்பு மேட்டின் மேல் பறைத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். அப்படிப்பட்ட விரிப்புதான் இருக்கிறது என்றால், சேணத்தை வைத்த பிறகு விரிப்பின் நடுவைக் கையால் மேலே தூக்கி, சேணத்தின் வளைவுக்குள் கூடாரம்போல் நிற்கும்படி செய்துவிட்டுக் கச்சையை இறுக்குங்கள். அரை நிமிட வேலை. பாதிப் பேர் செய்வதில்லை.

அடுத்தது தடிமன். 'புண் வருகிறதா, இன்னும் ஒரு சாக்கு போடு' என்பதுதான் மலையில் நான் அதிகம் பார்த்த வைத்தியம். ஓர் ஊரில் ஒரு பெண் விவசாயி சொந்தமாக ஒரு குதிரை வைத்திருந்தார். வாங்கிய கடனில் பாதிதான் அடைந்திருந்தது. தன் தோட்டத்துக் காபி, மிளகு போக அக்கம்பக்கத்தாரின் மூட்டையையும் கூலிக்கு இறக்குவார். அந்தக் கூலியில்தான் தவணை போய்க்கொண்டிருந்தது. குதிரையின் தோள்மேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு சாக்கில ஆரம்பிச்சேன் சார். இப்ப அஞ்சு போட்டிருக்கேன். இன்னும் என்னதான் போடறது?" என்றார்.

"ரெண்டை எடுத்துட்டுப் பாப்போம்மா."

"எடுத்தா மரம் குத்துமே சார்!"

வெறும் மரச் சேணத்தைக் குதிரை முதுகில் வைத்து, இரண்டு பக்கமும் அவரையே கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பின்பக்கம் விரல்கள் தாராளமாகப் போயின. முன்பக்கம் தோளருகே விரல் நுனிகூட நுழையவில்லை. சேணத்தின் முன்வளைவு அந்தக் குதிரைக்குக் குறுகல். வேறொரு மெலிந்த குதிரைக்குச் செய்த சேணத்தை அவர் பழைய விலைக்கு வாங்கியிருந்தார். குறுகலான இடத்தில் சாக்கைத் திணிக்கத் திணிக்க அது இன்னும் குறுகலாகும். மேலே மெத்தென்று இருக்கும், உள்ளே நெரிக்கும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்று வாரம் பொதி ஏற்றாமல் நிறுத்தினால்தான் புண் ஆறும் என்றும், அதற்குள் தச்சரிடம் சேணத்தின் முன்வளைவை அகலப்படுத்தி வாங்கிவிடலாம் என்றும் சொன்னேன். அது தை மாதம். பழம் எடுத்து முடியாத நேரம். மூன்று வாரம் நிறுத்தினால் தன் மூட்டைக்கே அடுத்தவர் குதிரைக்கு வாடகை கொடுக்க வேண்டும், கூலி வருமானமும் நின்றுபோகும். சொல்வது எனக்குச் சுலபம். தவணை கட்டுவது அவர். இருந்தும் நிறுத்தினார். "இது படுத்துட்டா மூணு வாரமா, மூணு வருசமா சார்" என்று அவரே சொல்லிக்கொண்டார். புண் ஆறியது. ஆறிய இடத்தில் முளைத்த முடி வெள்ளையாக இருந்தது.

அந்த வெள்ளை முடியைப் பற்றி ஒரு வார்த்தை. கருப்பு அல்லது செம்பழுப்புக் குதிரையின் முதுகில், சேணம் உட்காரும் இடத்தில் மட்டும் வெள்ளைத் திட்டு இருந்தால் அது பிறவி அடையாளம் இல்லை. நீண்ட நாள் அழுத்தத்தில் மயிர்க்காலின் நிறம் தரும் செல்கள் செத்துப்போனதன் தழும்பு. புதிதாகக் குதிரை வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்து வயது பார்ப்பதோடு இதையும் பாருங்கள். பழைய எஜமானரின் சேணம் எப்படி இருந்தது என்று அந்தத் திட்டு சொல்லும்.

புண் வருமுன்னே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, செலவில்லாதது. ஒரு மணி நேரமாவது பொதி சுமந்து வந்த பிறகு சேணத்தை இறக்கி, முதுகின் வியர்வை ஈரத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்து, நடுவில் தண்டு மட்டும் காய்ந்திருந்தால் நல்லது. நனைந்த பரப்புக்குள் உள்ளங்கை அளவு ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அழுத்தம் தாங்காமல் அங்கே வியர்வைச் சுரப்பி வேலை செய்யாமல் போயிருக்கலாம். அல்லது சேணம் அந்த இடத்தில் படாமலே தூக்கி நின்றிருக்கலாம். எது என்று விரலால் அழுத்திப் பார்த்தால் குதிரையே சொல்லிவிடும். வலித்தால் தோல் துடிக்கும், முதுகு விலகும். மறுநாள் காலையிலும் ஒருமுறை தடவிப் பாருங்கள். ராத்திரியில் வீங்கிய இடம் காலையில் கைக்குத் தட்டுப்படும்.

இனி, எந்தப் பொருளில் வாங்குவது? பொதிக்கு என்றால் என் ஓட்டு கம்பளிக்கு. நெய்த கம்பளியைவிட, ஆட்டு மயிரை நனைத்து அழுத்தி உருட்டிக் கெட்டியாக்கிய தட்டு இன்னும் நல்லது. வடக்கே இதை 'நம்தா' என்பார்கள். காஷ்மீரிலும் ராஜஸ்தானின் டோங்க் ஊரிலும் கைத்தொழிலாகவே செய்கிறார்கள். ஆங்கிலேயர்கள் சேணத்தடி மெத்தைக்கு வைத்திருக்கும் 'நம்னா' என்ற பெயரே இந்த நம்தாவிலிருந்து போனதுதான். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் சொதசொதவென்று இருக்காது. அழுத்தினால் மறுபடி எழும்பும். முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலத் தடிமன் பொதிக்குப் போதுமானது. நம்தா கிடைக்காத ஊரில் நம் ஊர் ஆட்டு மயிர்க் கம்பளியை மடித்துத் தைத்துக்கொள்ளலாம். மடிப்பின் ஓரம் சேணத்துக்கு வெளியே வரட்டும். ஓரம் உள்ளே மாட்டினால் அந்தக் கோட்டிலேயே புண் வரும்.

பஞ்சு அடைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்த பருத்தி மெத்தை, ஆள் ஏறும் சவாரிக்கும் வெயில் ஊர்களுக்கும் நன்றாகவே இருக்கிறது. துவைப்பது சுலபம், விலையும் கைக்கு அடக்கம். பொதிக்கு அது சீக்கிரம் அமுங்கிக் கட்டிதட்டிவிடும்.

ஸ்பாஞ்ச் மெத்தையைக் கடையில் வைத்தே சோதிக்கலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அழுத்துங்கள். விரல்கள் இரண்டும் ஒன்றையொன்று உணர்ந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். விரலுக்கே அமுங்குவது 35 கிலோ மூட்டைக்கு என்ன தாங்கும்? கெட்டியான ஸ்பாஞ்சாக இருந்தாலும் குதிரையின் தோலைத் தொடும் பக்கம் பருத்தியோ கம்பளியோ இருக்க வேண்டும். ரெக்சின், பிளாஸ்டிக் உறை போட்டது வேண்டவே வேண்டாம். வியர்வை போக வழியில்லாமல் தோல் வெந்துபோகும்.

எங்கள் துறை சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. யூரியா, காம்ப்ளக்ஸ் உரம் வந்த காலி சாக்கை மடித்துக் குதிரைக்குப் போடுகிறார்கள். அந்தச் சாக்கு பிளாஸ்டிக் இழை. காற்றும் போகாது, ஈரமும் போகாது. எத்தனை உதறினாலும் தையலில் உரம் ஒட்டியிருக்கும். அது உப்பு. வியர்வையில் கரைந்து உராய்ந்த தோலில் பட்டால் எப்படி எரியும் என்று, கையில் சிராய்ப்போடு உரம் தூவியவர்களுக்குத் தெரியும். உரச் சாக்கைக் குதிரை முதுகில் போடாதீர்கள். மாட்டுக்கும்தான்.

ஒரு விலை உயர்ந்த மெத்தையைவிட இரண்டு நடுத்தர மெத்தைகள் மேல் என்பது என் கணக்கு. மலையில் ஐப்பசி மழையில் எது காயும்? ஒன்று முதுகில், ஒன்று அடுப்புக்கு மேல் பரணில். ஈர மெத்தையை மறுநாள் அப்படியே போடுவதுதான் பாதிப் புண்ணுக்கு ஆரம்பம். துவைக்கும்போது சோப்பு நுரை முழுக்கப் போகும்வரை அலசுங்கள். கம்பளிக்குச் சுடுதண்ணீர் ஆகாது, சுருங்கிக் கட்டியாகிவிடும். ஒரு குதிரையின் மெத்தையை இன்னொன்றுக்குப் போட்டால் படர்தாமரை கூடவே போகும். விரிக்குமுன் உள்பக்கத்தை ஒருமுறை உள்ளங்கையால் தடவுங்கள். நாயுருவி விதை ஒன்று ஒட்டியிருந்தாலும் மூன்று மணி நேர இறக்கத்தில் அது ஊசி. மெத்தையைக் கொஞ்சம் முன்னால் வைத்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே பின்னுக்கு இழுத்து அமர்த்துங்கள். முன்னோக்கித் தள்ளினால் முடி நிமிர்ந்து மடங்கி, உராய்வு அங்கேயே தொடங்கும்.

இறக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் மலைகளில் பல இடங்களில் ஏறும்போது அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் என்று சின்ன பாரம். விளைச்சல் இறங்கும்போதுதான் முழு பாரம். இறங்கும்போது மொத்தச் சுமையும் முன்னால் சரிந்து அந்த எலும்பு மேட்டில் போய் முட்டும். இதை மெத்தையால் தடுக்க முடியாது. தொடைக்குப் பின்னால் சுற்றி வரும் அகலப் பட்டை ஒன்று வேண்டும். அது சுமையைப் பின்னால் பிடித்து நிறுத்தும். வாலடியில் மட்டும் கயிற்றை மாட்டி இறக்குகிறவர்கள் வாலடியையும் புண்ணாக்குகிறார்கள். ஏற்றத்துக்கு மார்புப் பட்டை. இந்த இரண்டும் இல்லாத சேணத்தில் எந்த மெத்தையும் போட்ட இடத்தில் நிற்காது.

சுமையின் அளவு பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இழுவை விலங்குகளுக்கும் பொதி விலங்குகளுக்கும் 1965-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதிகள் வகுத்திருக்கிறது. அதன்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ, கழுதைக்கு 50 கிலோதான் உச்சவரம்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது. சேணம் அந்தத் தோள்மேட்டின் மேல் நேராக உட்காரக் கூடாது, நடுவில் இடைவெளி வேண்டும் என்றும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. நம் மலைக்குதிரைகள் பெரும்பாலும் மட்டம்தான். 50 கிலோ மூட்டை இரண்டு ஏற்றினால் 100 கிலோ. ஒரு நடை மிச்சமாகிறது என்பது உண்மைதான். பழ சீசனில் மூன்று வாரம் குதிரை நின்றுபோனால் எத்தனை நடை நஷ்டம் என்றும் கணக்குப் போட வேண்டும். மூட்டையை 35 கிலோவாகக் கட்டி, இரண்டு பக்கமும் சமமா என்று தொங்கு தராசில் பார்த்து ஏற்றுங்கள். ஒரு பக்கம் நான்கு கிலோ கூடினாலும் சேணம் வழி நெடுக அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே வரும்.

புண் ஏற்கெனவே இருந்தால், புண் உள்ள இடத்தில் மெத்தையில் ஓட்டை வெட்டிவிட்டு வேலைக்கு விடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. ஓட்டையின் விளிம்பு புண்ணைச் சுற்றி அழுத்தும், சின்ன புண் பெரிதாகும். ஓய்வுதான் மருந்து. உப்புத் தண்ணீரில் கழுவி, கால்நடை மருத்துவரைப் பாருங்கள். கருப்பு எண்ணெய், பேட்டரி மை எல்லாம் பூச வேண்டாம். ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் குதிரையை மற்ற கால்நடைகளைவிட எளிதாகத் தாக்கும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

சமவெளியில் ஆசைக்குக் குதிரை வளர்ப்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கத்தியவார், மார்வாரிக் குதிரைகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. சேணம், கடிவாளம், ஜரிகை வைத்த விரிப்பு எல்லாம் அங்கே பார்க்கலாம். ஜரிகை மேல்பக்கம், நீங்கள் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

கேட்ட வாசகருக்கு ஒரு வேலை வைக்கிறேன். ஒன்றரை முழம் தடித்த மின்கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள், வளைத்தால் வளைந்தபடி நிற்க வேண்டும். குதிரையைச் சம தரையில் நிறுத்தி, தோள்மேட்டுக்கு நான்கு விரல் பின்னால் முதுகின் குறுக்கே கம்பியை வைத்துப் படிய அழுத்துங்கள். வடிவம் கெடாமல் எடுத்து, அட்டையில் வைத்து வரைந்து வெட்டுங்கள். சேணத்தின் முன்வளைவுக்குள் அந்த அட்டையைப் பொருத்திப் பாருங்கள். அட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் மெத்தையின் தடிமனுக்கு இடம் இருக்கிறதா? உச்சியில் இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கிறதா? இருந்தால் கம்பளி வாங்குங்கள். இல்லாவிட்டால் அட்டையோடு தச்சரிடம் போய்விட்டு, பிறகு கடைக்குப் போங்கள். குதிரை தீனியில் தேறும்போதும் கோடையில் மெலியும்போதும் முதுகு மாறும். அதனால் வருடத்துக்கு இரண்டு முறை, பழம் எடுக்கத் தொடங்குமுன் ஒருமுறை கட்டாயம், புது அட்டை வெட்டிக்கொள்ளுங்கள்.